கட்டைவிரல் மேல் விழுந்த பழி: ஸ்மோக்கி ஜோ வுட்

1912-இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்காக ஜோ வுட் ஆடியதைப் போன்ற ஒரு பருவத்தை பேஸ்பால் வரலாற்றில் தேடிப் பிடிப்பது கஷ்டம். பிட்ச்சராக, அதாவது பந்து எறிபவராக, அவர் கணக்கில் 34 வெற்றி, 5 தோல்வி. எதிரணிக்கு ஒரு ரன்கூடத் தராத ஆட்டங்கள் மட்டும் 10. அப்போது அவருக்கு வயது 22. அடுத்த மூன்று வருடங்களையும் கூட்டினால் அவர் எடுத்த வெற்றிகள் 36. அதற்குப் பிறகு, பிட்ச்சராக ஒன்றுகூடக் கிடையாது.

என்ன ஆயிற்று என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். 1913-இல் டெட்ராயிட் அணிக்கு எதிரான ஆட்டத்தில், பேட்டர் மெதுவாகத் தட்டிவிட்ட பந்தை எடுக்க ஓடினார், ஈரப்புல்லில் வழுக்கி விழுந்தார், வலது கட்டைவிரல் உடைந்தது, கதை முடிந்தது. சுருக்கமான, சோகமான, யாரையும் குறை சொல்லத் தேவையில்லாத கதை. நானும் வெகுநாள் அதை நம்பியிருந்தேன். வருடவாரியான எண்களை வரிசையாக எழுதிப் பார்த்த பிறகுதான் சந்தேகம் வந்தது. விரல் உடைந்தது உண்மை. ஆனால் அந்த விரல் தன் பங்குக்கு மேலேயே பழியைச் சுமந்துகொண்டிருக்கிறது என்பது என் கட்சி.

பேஸ்பால் பழகாதவர்களுக்கு ஒரு விஷயம். கிரிக்கெட் பவுலர் ஓடி வருகிறார், கையை மடக்காமல் சுழற்றுகிறார், ஆறு பந்து போட்டதும் எல்லைக்கோட்டுப் பக்கம் போய் மூச்சு வாங்குகிறார். பிட்ச்சருக்கு அந்தச் சலுகை இல்லை. ஒரு சிறு மேட்டில் நின்ற இடத்திலிருந்தே, 60 அடி 6 அங்குலத் தூரத்துக்கு, பந்து தரையில் படாமல் எறிய வேண்டும். ஓட்டம் தரவேண்டிய வேகத்தையும் தோளும் முழங்கையுமே தரவேண்டும். பேட்டர் நான்கு பேஸ்களையும் (தளங்களையும்) சுற்றி வந்தால் ஒரு ரன். இரு அணிகளும் ஒருமுறை பேட் செய்தால் ஒரு இன்னிங்ஸ், ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது. அந்தக் காலத்தில் ஒன்பது இன்னிங்ஸையும் ஒரே ஆள் முடிப்பதுதான் வழக்கம். பிட்ச்சரை அளக்க இரண்டு எண்கள் போதும். ஒன்று, ஃபீல்டர்களின் தவறால் போனவற்றைக் கழித்துவிட்டு ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கொடுத்த ரன் சராசரி. மற்றொன்று ஸ்ட்ரைக் அவுட், அதாவது பேட்டரை மூன்று ஸ்ட்ரைக்கில் (அடிக்கத் தவறிய, அல்லது அடிக்காமல் விட்ட நல்ல பந்துகளில்) அப்படியே திருப்பி அனுப்புவது. வேகம் இருக்கிறதா, போய்விட்டதா என்பதை இந்த இரண்டாவது எண் ஓரளவு காட்டிக்கொடுத்துவிடும்.

வுட் 1889 அக்டோபர் 25-ஆம் தேதி மிசௌரி மாநிலத்தின் கான்சாஸ் சிட்டியில் பிறந்தார். வளர்ந்தது கொலராடோ மலைகளில் உள்ள யூரே என்ற சுரங்க ஊரிலும், பிறகு கான்சாஸ் மாநிலத்தின் நெஸ் சிட்டியிலும். தொழில்முறை ஆட்டத்தில் அவர் நுழைந்த விதம் கொஞ்சம் வேடிக்கையானது. அப்போது 'புளூமர் கேர்ள்ஸ்' என்ற பெயரில் பெண்கள் அணிகள் ஊர் ஊராகப் போய் உள்ளூர் ஆண்களோடு மோதும். உண்மையில் அணியில் சில பையன்களும் பெண் வேடத்தில் இருப்பார்கள். 1906-இல் அப்படி ஒரு அணி நெஸ் சிட்டிக்கு வந்தபோது, 16 வயது வுட்டை மீதிச் சுற்றுப்பயணத்துக்கு 20 டாலர் கொடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். பால் வடியும் முகம் என்பதால் அவருக்கு விக்கூடத் தேவைப்படவில்லையாம். அடுத்த இரண்டே வருடத்தில், சின்ன லீக்குகளைத் தாண்டி, 1908 ஆகஸ்டில் பாஸ்டனுக்காக இறங்கிவிட்டார்.

'ஸ்மோக்கி' என்ற பெயர் அங்கே ஒட்டிக்கொண்டது. பையன் புகை பறக்க எறிகிறான் என்று பாஸ்டன் பத்திரிகைக்காரர் ஒருவர் சொன்னதிலிருந்து வந்தது என்பார்கள். உயரம் 5 அடி 11 அங்குலம், ஒல்லியும் இல்லை தடியும் இல்லை. அந்த உடம்பிலிருந்து அவ்வளவு வேகம் வர வேண்டுமென்றால் உடம்பு முழுவதையும் பந்தின் பின்னால் போட வேண்டும். அவர் அதைத்தான் செய்தார். கையே உடம்பிலிருந்து கழன்று பறந்துவிடுமோ என்று தோன்றும் அளவுக்கு எறிந்ததாகப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். இந்த ஆய்வுக்கு அந்த வாக்குமூலம் முக்கியம்.

1909-இல் 160 இன்னிங்ஸ், 1910-இல் 196. இதுவரை பரவாயில்லை. 1911-இல் 275. அந்த வருடம் 23 வெற்றி, 231 ஸ்ட்ரைக் அவுட், ஜூலை 29 அன்று செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸுக்கு எதிராக ஒரு ஹிட்கூட (பேட்டர் அடித்துப் பேஸை எட்டுவது) கொடுக்காத ஆட்டம். அப்புறம் 1912 வந்தது: 38 ஆட்டங்களைத் தொடங்கி அதில் 35-ஐத் தானே முடித்தார். 344 இன்னிங்ஸ், 258 ஸ்ட்ரைக் அவுட், ரன் சராசரி 1.91. மூன்று வருடத்துக்குள் சுமை இருமடங்குக்கும் மேலாகிவிட்டது. இன்றைக்கு உச்சநிலையான மேஜர் லீக்கில் ஒரு பருவத்தில் 200 இன்னிங்ஸைத் தொடுபவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்த வருடத்தின் உச்சம் செப்டம்பர் 6. வாஷிங்டன் அணியின் பிட்ச்சர் வால்டர் ஜான்சன் அதே பருவத்தில் தொடர்ந்து 16 ஆட்டங்கள் வென்றிருந்தார். வுட் 13-இல் இருந்தார், சங்கிலி அறுபடவில்லை. வுட்டை எங்கள் ஜான்சனுக்கு எதிரே நிறுத்துங்கள் பார்க்கலாம் என்று வாஷிங்டன் மேனேஜர் கிளார்க் கிரிஃபித் சவால் விட்டார். வுட்டின் முறை மறுநாள்தான். பாஸ்டன் ஒருநாள் முன்னதாகவே அவரை இறக்கியது. பத்திரிகைகள் குத்துச்சண்டைக்காரர்களை ஒப்பிடுவது போல இருவரின் உயரம், எடையைப் போட்டுச் சூடேற்றின. அந்த ஏப்ரலில்தான் திறந்திருந்த ஃபென்வே பார்க்கில் கூட்டம் கேலரி நிரம்பி மைதானத்துக்குள்ளேயே வழிந்து, கோட்டோரம் நின்று பார்த்தது. ஆறாவது இன்னிங்ஸில் பாஸ்டனின் டிரிஸ் ஸ்பீக்கரும் டஃபி லூயிஸும் அடுத்தடுத்து டபுள் (ஒரே அடியில் இரண்டாவது பேஸ்வரை ஓடுவது) அடித்தார்கள். ஒரு ரன். அதோடு சரி. 1-0, வுட்டுக்கு வெற்றி. சங்கிலி பிறகு 16 வரை போய், ஜான்சனோடு சமமாகி, டெட்ராயிட்டில் அறுந்தது.

இந்த ஆட்டத்தை எழுதுகிற எல்லோரும் 1-0 என்பதில் மயங்கிவிடுகிறார்கள். எனக்கு அந்த ஒருநாள் உறுத்துகிறது. பெரிய கூட்டம், பெரிய வசூல், பெரிய பெருமை. அதற்காக ஒரு 22 வயதுக் கையின் ஓய்வில் ஒருநாள் வெட்டப்பட்டது. அந்த ஒருநாளால் கை போய்விட்டது என்று சொல்லவரவில்லை. அந்தக் கையை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு அது ஒரு சாட்சி, அவ்வளவுதான்.

பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் உலகத் தொடர் அதைவிட மோசம். எதிரே நியூயார்க் ஜயன்ட்ஸ். அக்டோபர் 8 அன்று முதல் ஆட்டம்: 4-3 வெற்றி, 11 ஸ்ட்ரைக் அவுட், ஒன்பது இன்னிங்ஸும் வுட்டே. அக்டோபர் 11: 3-1 வெற்றி, மறுபடி ஒன்பதும். அக்டோபர் 15 அன்று நடந்தது விசித்திரம். 'ராயல் ரூட்டர்ஸ்' என்ற பாஸ்டனின் பரம ரசிகர் கூட்டம் அணிவகுத்து உள்ளே வந்து பார்த்தால், அவர்களுடைய இருக்கைகள் வேறு ஆட்களுக்கு விற்கப்பட்டிருந்தன. நகர மாட்டோம் என்று நின்றவர்களைக் குதிரைப் போலீஸ் வந்து தள்ளி அப்புறப்படுத்தியது. கையைச் சூடாக்கி முடித்து வுட் தயாராக நின்றார். கலாட்டா ஓயும்வரை அக்டோபர் குளிரில் சும்மா காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆட்டம் தொடங்கியதும் முதல் இன்னிங்ஸிலேயே ஆறு ரன். அதோடு அவரை எடுத்துவிட்டார்கள். 11-4 தோல்வி.

மறுநாளே தீர்மான ஆட்டம். ஏழு ஆட்டத் தொடரில் இரண்டாவது ஆட்டம் இருட்டியதால் சமனில் முடிந்திருந்தது, ஆகவே இது எட்டாவது. எட்டாவது இன்னிங்ஸில் மீண்டும் வுட். எதிரே ஜயன்ட்ஸின் பிட்ச்சர் கிறிஸ்டி மாத்யூசன். பத்தாவது இன்னிங்ஸில் ஜயன்ட்ஸ் ஒரு ரன் எடுத்து முந்தியது. அதே இன்னிங்ஸில் ஜயன்ட்ஸ் பேட்டர் மேயர்ஸ் திருப்பி அடித்த பந்து வுட்டின் மேல் பட்டது. பேட்டிங்கிலும் கெட்டிக்காரரான அவர் அதனால் பேட் பிடிக்க இறங்கவில்லை. பதிலுக்குப் போன கிளைட் எங்கல் தூக்கி அடித்த சாதாரணக் கேட்ச்சை ஃபிரெட் ஸ்னாட்கிராஸ் கோட்டைவிட்டார். பாஸ்டன் இரண்டு ரன் எடுத்து 3-2 என்று கோப்பையைத் தட்டிச் சென்றது. வெற்றி வுட்டின் கணக்கில் சேர்ந்தது. தொடரில் 22 இன்னிங்ஸ். பருவத்தோடு கூட்டினால் 366.

இதற்கு அடுத்த வருடம்தான் அந்த ஈரப்புல்.

வுட் முதுமையில் சொன்னதைக் கவனமாகக் கேட்டால், கட்டைவிரல் கதைக்குள்ளேயே விரிசல் தெரியும். கட்டு இரண்டு மூன்று வாரம் இருந்தது. குணமாகுமுன் சீக்கிரமே எறியப் போய்விட்டேனா, விழுந்தபோதே தோளிலும் ஏதாவது ஆகிவிட்டதா, தெரியவில்லை என்கிறார். அதன் பிறகு வலியில்லாமல் எறிந்ததே இல்லை. வலி வலது தோளில். விரலில் அல்ல! விரல் எலும்பு சேர்ந்துவிட்டது. போனது தோள். விழுந்த அதே நொடியில் தோளும் கிழிந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு பருவங்களில் 640 இன்னிங்ஸுக்கு மேல், கழன்று விழுமளவு வீசிய தோள் அதற்கு முன்பே நைந்துபோயிருந்தது என்பது அதைவிடப் பொருத்தமாக இருக்கிறது. வலிக்கும் விரலைக் காப்பாற்ற எறியும் விதத்தைச் சற்றே மாற்றினாலும் பாரம் தோளுக்குத்தான் போகும். என் ஊகம், இந்த மூன்றும் சேர்ந்தது. இன்றைக்குப் போல உள்ளே படம் பிடித்துத் தசைநாரைப் பார்க்கும் கருவி அன்று இல்லை, ஆகவே நிரூபிக்க வழியில்லை.

சரி, எண்களுக்கு வருவோம். ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ஸ்ட்ரைக் அவுட் என்று கணக்கிட்டுப் பார்த்தேன். 1912-இல் 6.8. காயம் பட்ட 1913-இல் 7.6. ஏறியிருக்கிறது! 1914-இல் 5.3. 1915-இல் 3.6. வேகம் கரைவது கண்ணுக்குத் தெரிகிறது. இப்போது ரன் சராசரியைப் பாருங்கள்: 1913-இல் 2.29, 1914-இல் 2.62, 1915-இல் 1.49. கடைசி எண் அந்த வருடம் பாஸ்டன் ஆடிய அமெரிக்கன் லீக்கிலேயே சிறந்தது. வெற்றி தோல்வி 15-5.

இந்த இடத்தில்தான் நான் நின்று யோசித்தேன். வேகம் பாதியாகிவிட்டது, ஆனால் ரன் கொடுப்பது முன்பைவிடக் குறைந்துவிட்டது. அதாவது, வலது தோள் ஒழுங்காக இயங்காத 25 வயது மனிதர், வேகத்தை நம்பாமல் பேட்டரை ஏமாற்றக் கற்றுக்கொண்டுவிட்டார். அன்றைய ஆட்டத்தில் பந்து அழுக்கானாலும் லேசில் மாற்ற மாட்டார்கள், ஹோம் ரன் அபூர்வம். தந்திரக்கார பிட்ச்சருக்குத் தோதான காலம். மாத்யூசன் அப்படித்தான் பிழைத்தார். சாதாரண நேரத்தில் நிதானமாக எறிந்து, நெருக்கடிக்காக வேகத்தைச் சேமித்து வைப்பார். வுட்டுக்கு 22 வயதில் அந்தச் சிக்கனம் தெரியாது. தெரிந்தபோது தோள் போய்விட்டிருந்தது.

ஆக, 1915-இல் அவரிடம் இல்லாமல் போனது தரம் அல்ல, இடைவெளி இல்லாமல் எறியும் திறன்தான். ஒரு ஆட்டம் ஆடினால் பிறகு வாரக்கணக்கில் கையைத் தூக்க முடியாது. அந்த வருடம் அவர் தொடங்கியது 16 ஆட்டங்கள் மட்டுமே. உலகத் தொடரில் பாஸ்டன் ஆடியது, வென்றது. வுட் ஒரு பந்துகூட எறியவில்லை. பத்து நாளுக்கு ஒருமுறை அற்புதமாக எறியும் பிட்ச்சரை என்ன செய்வதென்று அந்தக் காலத்து அணிகளுக்குத் தெரியவில்லை.

என் கட்சிக்கு எதிராக ஒரு வலுவான சாட்சி இருக்கிறது, மறைக்கக் கூடாது: வால்டர் ஜான்சன். 1912-இல் அவர் எறிந்தது 369 இன்னிங்ஸ், வுட்டைவிட அதிகம். அடுத்த வருடம் 346. அதில் 36 வெற்றி, 1.14 சராசரி. 1927 வரை ஆடினார். சுமைதான் காரணமென்றால் ஜான்சன் எப்படித் தப்பினார்? அதே நேரம் இன்னொரு சாட்சியையும் கூப்பிட வேண்டும்: சிகாகோ ஒயிட் சாக்ஸின் எட் வால்ஷ். 1908-இல் 464 இன்னிங்ஸ், 40 வெற்றி. 1912-இல் 393 இன்னிங்ஸ். 1913-இல் நூறைக்கூடத் தொடவில்லை, கை செத்துவிட்டது. அவர் எந்தப் புல்லிலும் வழுக்கவில்லை. ஜான்சன் நீண்ட கையைப் பக்கவாட்டில், சாட்டை சொடுக்குவது போல, அலட்டாமல் வீசுவார். வுட் ஒவ்வொரு பந்துக்கும் உடம்பையே அடமானம் வைப்பார். என்னைவிட வேகமாக வுட் எறிவார் என்று ஜான்சனே சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. இருக்கலாம். அந்த வேகத்துக்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

1916-இல் ஆட்டத்தோடு பணமும் சேர்ந்துகொண்டது. போட்டியாக வந்த ஃபெடரல் லீக் மூடப்பட்டதும் முதலாளிகளுக்குத் தைரியம் வந்துவிட்டது, சம்பளங்களை வெட்டினார்கள். பாஸ்டன் உரிமையாளர் ஜோசப் லானின் வுட்டுக்கும் வெட்டினார். வுட் மறுத்து, வருடம் முழுவதும் வீட்டில் இருந்தார். பரணில் ஊஞ்சல் கம்பி கட்டி, கை நீளட்டும் என்று மணிக்கணக்கில் தொங்கிப் பார்த்தாராம். இந்தக் காட்சி என்னை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. லீக்கின் சிறந்த ரன் சராசரியை ஒரு வருடம் முன்பு எடுத்தவர், பரணில் தனியாகத் தொங்கிக்கொண்டிருக்கிறார்.

1917-இல் கிளீவ்லாந்து அணி அவரை 15,000 டாலருக்கு வாங்கியது. நெருங்கிய நண்பர் ஸ்பீக்கர் அங்கே ஏற்கெனவே போயிருந்தார். எறிந்து பார்த்தார், ஐந்து ஆட்டம், வெற்றி இல்லை. அடுத்த வருடம் உலகப்போர் ஆட்டக்காரர்களை இழுத்துக்கொண்டதால் அணியில் ஆள் பற்றாக்குறை. வுட் அவுட்ஃபீல்டராக, அதாவது மைதானத்தின் வெளிப்பகுதியில் நிற்கும் ஃபீல்டராக இறங்கினார். மே 24 அன்று நியூயார்க் யாங்கீஸுக்கு எதிராக 19 இன்னிங்ஸ் நீண்ட ஆட்டத்தில் இரண்டு ஹோம் ரன். 3-2 என்று வெல்ல இரண்டாவதுதான் காரணம். அந்தப் பருவம் .296 பேட்டிங் சராசரி, அதாவது ஆயிரம் வாய்ப்புக்கு 296 ஹிட் என்ற கணக்கு. 1920-இல் கிளீவ்லாந்து உலகத் தொடரை வென்றபோது அவர் அவுட்ஃபீல்டில் நின்றார். 1921-இல் 66 ஆட்டங்களில் .366. 1922-இல் 142 ஆட்டங்கள், .297, அவர் அடித்து உள்ளே வந்த ரன்கள் 92. அதோடு, இன்னும் ஆடும் வயது இருக்கும்போதே, யேல் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் வேலைக்குப் போய்விட்டார்.

அங்கே இருந்தபோது பழைய கறை ஒன்று வெளியே வந்தது. 1919 செப்டம்பர் 25 அன்று நடந்த டெட்ராயிட்-கிளீவ்லாந்து ஆட்டத்தை டெட்ராயிட் நட்சத்திரம் டை காப், ஸ்பீக்கர், வுட் ஆகியோரோடு சேர்ந்து முன்கூட்டியே பேசி முடித்ததாக முன்னாள் டெட்ராயிட் பிட்ச்சர் டச் லெனார்ட் 1926-இல் குற்றம் சாட்டினார். ஆதாரமாகக் காட்டியவற்றில் வுட் எழுதிய கடிதமும் இருந்தது. பந்தயம் கட்டியதையும் பணத்தைப் பிரித்ததையும் அது தெளிவாகவே சொல்கிறது. ஆட்டத்தைத் தோற்றுக் கொடுத்ததாக அதில் இல்லை; வுட் அந்த ஆட்டத்தில் ஆடவும் இல்லை. லெனார்ட் நேரில் வந்து சாட்சி சொல்ல மறுத்தார், 1927 ஜனவரியில் பேஸ்பால் ஆணையர் லாண்டிஸ் காப்பையும் ஸ்பீக்கரையும் விடுவித்தார். யேல் வுட்டை வேலையில் வைத்துக்கொண்டது, 1942 வரை. அவரைப் பிடித்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கும் அவரைப் பிடிக்கும், ஆனால் கடிதம் கடிதம்தான்.

பேஸ்பால் புகழ்மண்டபத்தில் அவர் இல்லை. 117-57, 2.03 என்ற பிட்ச்சர் கணக்கு அங்கே போவதற்குக் குறைவு; .283 என்ற பேட்டர் கணக்கும் குறைவு. இரண்டையும் கூட்ட அங்கே யாரும் மெனக்கெடவில்லை. யேல் 1985 ஜனவரியில் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அதே வருடம் ஜூலை 27 அன்று, 95 வயதில் இறந்தார்.

அதற்கு நாலு வருடம் முன்பு, 1981 மே மாதம், யேல் மைதானத்தில் செயின்ட் ஜான்ஸ் அணியோடு ஓர் ஆட்டம். 91 வயது வுட் கேலரியில் உட்கார்ந்து பார்த்தார். யேல் பக்கம் எறிந்தவர் ரான் டார்லிங் என்ற மாணவர், எதிரே ஃபிராங்க் வியோலா. பிற்பாடு இருவருமே மேஜர் லீக்கில் பெயர் எடுத்தவர்கள். டார்லிங் பதினோரு இன்னிங்ஸ்வரை ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. யாரும் அவரை எடுக்கவும் இல்லை. பன்னிரண்டாவதில் முதல் ஹிட் விழுந்தது, அடித்தவர் பேஸ் பேஸாகத் திருடி (பிட்ச்சர் அசந்த நேரம் அடுத்த பேஸுக்கு ஓடி) ஒரு ரன் ஆக்கினார். கேலரியில் இருந்த கிழவருக்கு நன்றாகப் பழக்கமான ஸ்கோர்: 1-0. இந்த முறை தோற்றது யேல்.